சாரணர் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி திறந்த சில வாரங்களில் கிருஷ்ணகிரி மாவட்டப் பிள்ளைகள் பலர் ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வருவார்கள். சாரணர் (ஸ்கவுட்) படையில் சேரப் பெற்றோர் சம்மதம் கேட்கும் படிவம் அது. சாதிச் சான்று, ஆதார் நகல் கேட்கும் தாள்களோடு சேர்த்து அதிலும் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம். சீருடைக்குப் பணம் கேட்கும்போதுதான் அது என்ன ஏது என்று விசாரிக்கிறோம். அந்த விசாரணையை முதல் நாளே செய்துவிட வேண்டும்.

காரணம் நம் ஊருக்குத் தெரியும். 2024 ஆகஸ்டில் இந்த மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) முகாம் என்ற பெயரில் மாணவிகளுக்கு நடந்த கொடுமை செய்தியாக வந்தது. அந்த முகாமுக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே வந்தது. சாரணர் இயக்கம் வேறு, என்.சி.சி. வேறு. ஆனால் சீருடையும் விசிலும் பேனரும் இருந்தால் யாரையும் நம்பிவிடும் நம் பழக்கம் இரண்டுக்கும் பொது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, படை பதிவு பெற்றதா என்பது. பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் ஒவ்வொரு படைக்கும் பதிவு உண்டு, அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பது கணக்கில் சேராது; இந்த ஆண்டு புதுப்பித்தார்களா என்று கேளுங்கள். அடுத்து, படையை நடத்தும் ஆசிரியர் என்ன பயிற்சி முடித்திருக்கிறார் என்று கேளுங்கள். அடிப்படைப் பயிற்சி, முன்னோடிப் பயிற்சி, அதற்கு மேல் ஹிமாலயா உட் பேட்ஜ் என்று படிகள் உண்டு. அடிப்படைப் பயிற்சி கூட இல்லாதவரிடம் முகாமுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம். பெண் பிள்ளைகளின் சாரணியர் படைக்குப் பொறுப்பாளர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். "மேடம் லீவு, சார் பார்த்துக்கொள்வார்" என்றால் அந்த முகாம் வேண்டாம். இதையெல்லாம் கேட்டால் நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். பதில் கிடைக்காவிட்டால் இயக்கத்தின் மாவட்டச் செயலரிடம் கேட்கலாம். அவரைத் தெரியாவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098 பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

வயதுக்கு ஏற்ற பிரிவுகள் உண்டு. சிறுவர்களுக்குக் குருளையர், சிறுமிகளுக்கு நீலப்பறவையர், பத்து வயதுக்கு மேல் சாரணர், சாரணியர், கல்லூரிப் பருவத்தில் திரிசாரணர். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்டது ஓர் அணி, சில அணிகள் சேர்ந்தது படை. அணித்தலைவரும் ஒரு பிள்ளைதான். இந்த இயக்கத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அறுபது பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து ஆசிரியர் ஒருவர் மட்டுமே கத்திக்கொண்டிருந்தால் அது டிரில் வகுப்பு. சாரணர் படை ஆகாது.

சீருடையில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள். சாரணருக்கு எஃகுச் சாம்பல் நிறச் சட்டை. இரண்டு பாக்கெட்டும் தோள்பட்டியும் வேண்டும். கருநீலக் கால்சட்டை, கருநீலத் தொப்பி, படைக்கு உரிய நிறத்தில் ஸ்கார்ஃப். துணிக்கடையில் "ஸ்கூல் கிரே" என்று எடுத்துக் கொடுப்பது வேறு சாம்பல்; படையில் ஏற்கெனவே இருக்கும் பிள்ளையின் சட்டையைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு எடுங்கள். தையல்காரரிடம் தோள்பட்டியைச் சொல்லாமல் விட்டால் மறுபடி பிரித்துத் தைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பேட்ஜ் எல்லாவற்றையும் முதல் வாரமே தைத்துவிடுவது இன்னொரு தவறு. உறுப்பினர் சின்னமும் ஸ்கார்ஃபும் சின்னம் சூட்டும் விழாவில் உறுதிமொழி எடுத்த பிறகே. அதற்கு முன் குறைந்தது மூன்று மாதம் பிரவேஷ் என்ற தொடக்கப் பயிற்சி இருக்கிறது. அதற்குப் பிறகு உறுப்பினர் சின்னம் இடது பாக்கெட்டில், ஊதா நிற உலகச் சாரணர் சின்னம் வலது பாக்கெட்டில்.

வீட்டில் பழக வேண்டியது முடிச்சுகள். இதற்கு நைலான் கயிறு வாங்காதீர்கள், வழுக்கும். சுண்டுவிரல் பருமனில் மூன்று மீட்டர் பருத்திக் கயிறு போதும். இரண்டு முனையிலும் நூல் சுற்றி இறுக்கிவிட்டால் பிரியாது. ரீஃப் முடிச்சுக்கு வலது முனையை இடதின் மேல் போட்டு ஒரு சுற்று, பிறகு இடது முனையை வலதின் மேல் போட்டு ஒரு சுற்று. இரண்டாம் முறையும் வலதையே மேலே போடுவதுதான் வழக்கமான தப்பு. சரியாகப் போட்டால் இரு பக்கமும் கயிறுகள் ஜோடியாக ஒட்டிப் படுத்திருக்கும். தப்பாகப் போட்டால் முனைகள் குறுக்கே துருத்திக்கொண்டு நிற்கும், இழுத்தால் நழுவும். சரியான ரீஃப் முடிச்சும் காயத்துக்குக் கட்டும் கட்டுத்துணிக்குத்தான் ஆகும், பாரம் தூக்க ஆகாது. பருமன் வேறுபட்ட இரண்டு கயிறுகளை இணைக்க ஷீட் பெண்ட் என்ற வேறு முடிச்சுப் போட வேண்டும். ரீஃப் முடிச்சைக் கிணற்று வாளிக் கயிற்றில் பிள்ளை போட்டுப் பார்க்காமல் கவனித்துக்கொள்ளுங்கள்!

பிள்ளைகள் ஏற வேண்டிய படிகளைப் பற்றி: பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான், பிறகு ஆளுநர் கையெழுத்திடும் ராஜ்ய புரஸ்கார், கடைசியில் குடியரசுத் தலைவர் விருது. ஒவ்வொன்றுக்கும் இடையே பல மாதப் பயிற்சி கட்டாயம், தாண்டிக் குதிக்க முடியாது. ஆறாம், ஏழாம் வகுப்பில் சேர்ந்தால்தான் பொதுத்தேர்வுகளை ஒட்டி இடறாமல் மேலே போகலாம். ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிட்டு விருது எப்போது வரும் என்று கேட்பதில் பயனில்லை. செய்த நற்செயல், போன நடைப்பயணம், சமைத்த சாப்பாடு எல்லாம் தேதியோடு பதிவேட்டில் ஏற வேண்டும், ஆசிரியரின் கையெழுத்தும் வேண்டும். தேர்வு முகாமுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதிய நோட்டு ஒரே பேனா மையில் பளிச்சென்று இருக்கும். தேர்வாளருக்கு அதுவே போதும், அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும்.

"சர்டிபிகேட் இருந்தால் ரயில்வே வேலை" என்ற பேச்சையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். சாரணர் ஒதுக்கீடு ரயில்வேயில் இருப்பது உண்மை. ஆனால் குரூப் சி பணிக்குக் குடியரசுத் தலைவர் விருது அல்லது ஹிமாலயா உட் பேட்ஜ், அண்மை ஐந்து ஆண்டுகள் இயக்கத்தில் தொடர்ந்து செயல்பட்டிருத்தல், தேசிய, மாநில நிகழ்ச்சிகளில் பங்கேற்பு என்று நிபந்தனைகள் இருக்கின்றன. பிரதம சோபான் தாளை வைத்துக்கொண்டு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

முகாமுக்கு அனுப்பும்போது இடம், தேதி, உடன் வரும் ஆசிரியர்கள் பெயர், திரும்பும் நேரம் எல்லாம் தலைமையாசிரியர் கையெழுத்தோடு தாளில் வர வேண்டும். வாட்ஸ்அப் தகவல் போதாது. மணப்பாறையில் 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை நடந்த வைரவிழாப் பெருந்திரளணி (ஜம்போரி) போன்ற பெரிய முகாம்களுக்கும் இதுவே முறை. ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை இருந்தால் மறைக்காதீர்கள். மாத்திரையை அளவும் நேரமும் எழுதிய சீட்டோடு ஆசிரியர் கையில் கொடுங்கள். பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நாள் இல்லாவிட்டாலும் நாப்கின் பையில் இருக்கட்டும். புது ஷூவோடு நடைப்பயணம் போனால் மூன்றாவது கிலோமீட்டரில் குதிகால் கொப்புளம் நிச்சயம். இரண்டு வாரம் முன்பே போட்டுப் பழக்குங்கள். ஓசூர், தளிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் இரவு முகாம் என்றால் போர்வை மட்டும் போதாது, கம்பளியும் தலைக்குக் குல்லாயும் வேண்டும். கோட்டை மலைகள் ஏறும்போது பாறையிடுக்கில் மலைத்தேனீ இருக்கலாம், சென்ட் பூசி அனுப்பாதீர்கள்.

ஒகேனக்கல், கிருஷ்ணகிரி அணை என்று போட்டிருந்தால் தண்ணீரில் இறங்கும் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அனுப்பாதீர்கள். பரிசல் சவாரி மட்டும் என்றால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் நடைப்பயணம் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். அக்டோபர், நவம்பர் தொடங்கி பன்னார்கட்டாப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இந்தக் காடுகளுக்கு வந்துவிடும். அந்த மாதங்களில் அங்கே பாதை தேடும் பயிற்சி வைப்பது புத்திசாலித்தனம் இல்லை, அனுமதி கிடைத்தாலும்.

பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். சம்மதப் படிவத்திலேயே படையின் பதிவு எண், கடைசியாகப் புதுப்பித்த தேதி, பொறுப்பாசிரியர் முடித்த பயிற்சி, மாவட்டச் செயலரின் தொலைபேசி எண் ஆகிய நான்கையும் அச்சிட்டுத் தரலாம். ஒரு தாளின் பின்பக்கம் போதும். வரும் ஜூனுக்குள் செய்ய முடிகிற வேலைதான்.

இப்படிக்கு,
சாரண ஆசிரியர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்