வதந்தி என்று ஒரு வரியில் முடிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1923 செப்டம்பர் 1 அன்று ஜப்பானின் கான்டோ பகுதியைக் குலைத்த நிலநடுக்கம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லட்சம் பேருக்கு மேல் மாண்ட அந்தக் கொடுமையைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அதையடுத்து, அன்று ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியாவிலிருந்து வந்து அங்கே வாழ்ந்த கொரியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதை, ‘வதந்தியால் வெறிகொண்ட கும்பல்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார்.

கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்ற பேச்சு தெருவில் கிளம்பியிருக்கலாம். அதற்கு முத்திரை குத்தியது அரசாங்கம். செப்டம்பர் 3 காலையில் ஃபுனபாஷி கடற்படைக் கம்பியில்லாத் தந்தி நிலையம் வழியாக, உள்துறை அமைச்சகக் காவல் பிரிவுத் தலைவரின் பெயரில் மாகாண ஆளுநர்களுக்கு ஒரு செய்தி போனது. கொரியர்கள் தீ வைக்கிறார்கள், கடுமையாகக் கட்டுப்படுத்துங்கள் என்பது அதன் சாரம். மூங்கில் ஈட்டியோடு தெருமுனையில் நின்றவனுக்கு வேறென்ன அனுமதி வேண்டும்? சிப்பாய்களும் போலீசாருமே கொன்றிருக்கிறார்கள். 1919-ல் கொரியாவின் விடுதலைப் போராட்டத்தைச் சுட்டு அடக்கிய அரசு அது.

வழிமறித்தவர்கள், ‘பதினைந்து யென் ஐம்பது சென்’ என்பதை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். ‘ஜூகோ என்’ என்று அது தொடங்கும். கொரிய நாக்கில் முதலெழுத்து ‘சூ’ என்றுதான் வரும். எங்கள் எஸ்டேட் லயத்தில் ஜோசப்பைக் கடைசிவரை ‘சோசப்பு’ என்றே கூப்பிட்ட பாட்டிகளை நினைத்துக்கொண்டேன். அந்த முனையை அவர்கள் தாண்டியிருக்க மாட்டார்கள். ஃபுகுடா கிராமத்தில், ககாவா மாகாணத்திலிருந்து மருந்து விற்க வந்த ஜப்பானியர்களையே பேச்சு வேறாக இருக்கிறதென்று சந்தேகித்து ஒன்பது பேரைக் கொன்றார்கள். அவர்களில் குழந்தைகளும் ஒரு கர்ப்பிணியும் உண்டு.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது, இங்கே கேரளத்து டீக்கடையில் வாயைத் திறந்தால் தமிழன் என்று தெரிந்துவிடுமே என்று கையைக் காட்டியே சாயா வாங்கிக் குடித்தவன் நான். மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகளும் தாக்கப்பட்டன. அதையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் நடந்ததையும் இதையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். இங்கே எந்த அரசாங்கமும் ‘தமிழர்கள் அணையை உடைக்கப் போகிறார்கள்’ என்று கலெக்டர்களுக்குத் தந்தி அடிக்கவில்லை. அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

2023 ஆகஸ்டில் ஜப்பானின் தலைமை அமைச்சரவைச் செயலர், இந்தப் படுகொலை பற்றி அரசிடம் ஆவணம் எதுவும் காணப்படவில்லை என்றார். அதே அரசின் பேரிடர்த் தடுப்புக் குழு 2008-ல் வெளியிட்ட அறிக்கை, மாண்டவர்களில் ஒன்று முதல் சில சதவீதம் பேர் கொலையுண்டவர்கள் என்கிறது! ஒருவேளை செயலரின் அலமாரியில் அந்த அறிக்கை இல்லையோ என்னவோ.

கட்டுரையாளர் இதை நூலாக்கும்போது, ஃபுனபாஷியிலிருந்து போன அந்தச் செய்தியையும் சேர்த்துக்கொள்ளும்படி தாங்கள் அவரிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்