டோர்ச் ஒன்று வேண்டும், மகன்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். போன மாதம் முழுக்க உன் கோல் இல்லையென்று போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். வேலை கூடவாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் எழுதுவது டோர்ச் விஷயமாக. நெல் வெள்ளாமை இன்னும் கதிர் வெளிவராமல் குடலையில் நிற்கிறது. வெல்லாவெளிப் பக்கம் யானை மூன்று தரம் இறங்கிவிட்டது. சந்தையில் நான் வாங்கியது இரண்டாம் நாளே மங்கிப்போனது. 18650 பேட்டரி, மேலே 9900 என்று அடித்திருக்கிறான். போன் திருத்துகிற பொடியன் பார்த்துவிட்டுச் சிரித்தான். அந்த அளவு பேட்டரியில் 3500 மில்லி அம்பியர் வந்தாலே பெரிய காரியமாம். நம்பாமல் தட்டாரிடம் கொண்டுபோய்ப் பவுன் நிறுக்கும் தராசில் வைத்தேன். 28 கிராம். நல்லதென்றால் 45க்குக் குறையாதாம். நீ வாங்கினால் முதலில் பேட்டரியைக் கையில் எடுத்துப் பாரம் பார்.

வெளிச்சம் லட்சம் லூமென் என்று போட்டிருந்தால் அப்படியே கீழே வைத்துவிடு. உண்மையான ஆயிரம் நம்ம வயல் வட்டைக்குக் காணும். அதுவும் சூடேறினால் கொஞ்ச நேரத்தில் தானாகக் குறையும், அது பழுதில்லை. பெட்டியில் 200 மீட்டர் என்று இருந்தால், அந்தத் தூரத்தில் விழுவது நிலா வெளிச்சம் அளவுதான். யானையா பற்றையா என்று தெரிய வேண்டுமென்றால் பாதியைக் கணக்கில் எடு. ஐபிஎக்ஸ்7 இருக்கட்டும், ஒரு மீட்டர் தண்ணியில் அரை மணித்தியாலம் தாங்கும். தலையை இழுத்து நீட்டுகிற வகை வேண்டாம், பனித்தண்ணி அந்த இடுக்கால்தான் உள்ளே போகிறது. மினுக்கி மினுக்கி எரிகிறதும் வேண்டாம். யானை முன்னால் நிற்க, அதைத் தாண்டி நேர் வெளிச்சத்துக்குப் பட்டனை நாலு தரம் அமத்திக்கொண்டிருக்க ஏலாது.

விலை கூடினது வேண்டாம். பேட்டரியின் பாரத்தை மட்டும் பார். சம்பளம் வந்த பிறகு பார்த்தால் போதும். வராவிட்டாலும் பரவாயில்லை.

தெற்கு வளவுப் பொடியன் லீவில் வந்து நிற்கிறான். உங்கள் கம்பனி எப்படி என்று கேட்டேன். கோழிக்கு அரிசி போட எழும்பிப் போய்விட்டான். சரி, விடு.

கட்டார்க் காசில் கிணறு கட்டிக் கொடுத்தது உன்னுடைய மகன் ஒருத்தன்தான் என்று நம்ம வயல் வட்டவிதானையார் பத்துப் பேருக்கு முன்னால் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. அப்பேர்ப்பட்டவனுக்கு இரண்டு நிமிஷம் போன் எடுக்கத் தெரியாதா?

மனே, காவல் பரணில் டோர்ச் அணைந்த அந்த ராத்திரி. உனக்குப் பன்னிரண்டு வயது. சார்ஜ் போடவில்லை என்று விடிந்ததும் உன்னைக் கம்பால் அடித்தேன். பெத்தா வந்து மறித்தா. நீ பின்னேரமே போட்டிருந்தாய். கிரிக்கெட் கேட்க ரேடியோவைச் செருகுவதற்காக நான்தான் அதைக் கழற்றினேன். அடிக்கும்போதே அது எனக்குத் தெரியும். மறுகா நீ எதுவும் பிழைத்தால் என்னிடம் சொல்வதை விட்டுவிட்டாய். பரீட்சையைச் சொல்லவில்லை, சைக்கிள் போனதைச் சொல்லவில்லை. பொடியன் கள்ளன் என்று அம்மாவிடம் ஏசிக்கொண்டு திரிந்தேன். இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொன்னதில்லை.

டோர்ச்சைப் பார்சலில் போடாதே. ஸ்பேர் பேட்டரியைச் சின்ன டப்பாவில் போட்டுக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், பெரிய பெட்டிக்குள் வைக்க விடமாட்டார்கள். அதனால் நீ வரும்போது கொண்டு வா. டோர்ச் இல்லாவிட்டாலும் வா. மாசியில் வெட்டு, இந்த முறை கூலிக்கு ஆள் பிடிப்பதும் கஷ்டம்.

ஒரு நாள் முந்திச் சொன்னால் காணும், வான் பிடித்துக்கொண்டு நானே எயார்போட்டுக்கு வருவேன்.

அப்பா