மலையில் இருக்கும் என் அக்காவைக் காட்டித் தந்தவர்களுக்கு

வாரிசுச் சான்றிதழுக்காக விசாரிக்க வந்த வி.ஏ.ஓ., அம்மாவுக்கு வேறு பிள்ளைகள் உண்டா என்று எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டு, "மலை மேல ஒரு பொண்ணு இருக்குதுங்க" என்றார். அப்பாவும் அம்மாவும் போன பிறகுதான் எனக்கு ஓர் அக்கா இருப்பதே தெரிந்தது.

அத்தை, முதல் நன்றி உங்களுக்குத்தான். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை இத்தனை வருஷம் காப்பாற்றினீர்கள், அரசாங்கக் காகிதத்தில் ஒரு மகளே இல்லாமல் போகப்போகிறாள் என்றதும் அதை மீறினீர்கள். இரண்டுமே சரி.

சேலம் அம்மாப்பேட்டைக்கு வந்து தறிக்கு நூல் தார் சுற்றுவதற்கு முன்னால் அம்மா ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வேலையில் இருந்தவர், வேதக்கோயிலில் கல்யாணம் ஆனவர் என்பது வரை அத்தைக்குத் தெரியும். மீதியைச் சொன்னவர் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அம்மாவின் முதல் புருஷன் குடித்துவிட்டு அடித்த அடி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்கத் தெரியுமாம். "பிள்ளையைத் தூக்கிட்டு இறங்கியிருந்தா அவன் தேடி வந்து கொன்னிருப்பான் தம்பி, அதான் அவங்க அக்காகிட்ட விட்டுட்டுப் போனாங்க" என்றார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ஐயா, அதை மறக்க மாட்டேன்.

கத்தோலிக்கக் கோயில்களில் ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அவருடைய ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்திலும் அதைக் குறித்து வைப்பார்கள். அம்மாவின் பழைய பெயரும் முதல் கல்யாணமும் அப்படித்தான் கிடைத்தன. தேடி எடுத்துக் கொடுத்த உபதேசியார் அக்காவின் முகவரியை மட்டும் தரவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சுக்கணும், சரி. அவங்களுக்கு வேணுமான்னு நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்றார். அவர் அப்படிக் கேட்டுவிட்டு வந்ததால்தான் அக்கா என்னை வீட்டுக்குள் விட்டார் என்று நினைக்கிறேன்.

அக்கா, பெரியம்மா உங்களிடம் அம்மா இறந்துவிட்டதாகவே சொல்லி வளர்த்திருக்கிறார். 30 கிலோமீட்டர் கீழே அம்மா உயிரோடுதான் இருந்தார் என்ற சேதியைக் கொண்டு வந்தவன் நான். மே மாதம் கோடை விழாவுக்கு எங்கள் தெருவே ஏற்காடு கிளம்பும், கொண்டை ஊசி வளைவு தலை சுற்றும் என்று சொல்லி அம்மா மட்டும் வீட்டிலேயே இருந்துவிடுவார், அது எதனால் என்று இப்போதுதான் புரிகிறது. "என்னைப் பத்தி எப்பவாவது சொன்னாங்களா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. "ஒரு தடவை வந்து எட்டிப் பாத்திருக்கலாம்ல" என்ற உங்கள் கோபத்துக்கு என்னிடம் பதில் கிடையாது. அப்படி இருந்தும் ஆதார் நகலையும் ஞானஸ்நானச் சான்றையும் எடுத்துக் கொடுத்தீர்கள். சான்றிதழில் உங்கள் பெயர்தான் முதலில் இருக்கிறது.

சொந்தக்காரர்களுக்கு ஒன்று. அம்மாவின் வருஷத் திதிக்கு அக்காவையும் அழைத்திருக்கிறேன். வருவதும் வராததும் அவர் விருப்பம். வந்தால், தயவுசெய்து யாரும் அம்மாவுக்காக அவரிடம் பரிந்து பேச வேண்டாம்.