கடலோடு போன எழுதுபெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். மழை விட்டு மூன்று நாளாகியும் பட்டறையில் பலகைகள் ஈரம் காயாமல் கிடக்கின்றன. வேலை இல்லாததால்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

நான் அனுப்பிய கணக்குப்பிள்ளைப் பெட்டி, அதாவது சரிந்த மூடிமேல் தாள் வைத்து எழுதும் பெட்டி, உடைந்து வந்து சேர்ந்ததைப் படத்தில் பார்த்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று அம்மா உன்னிடம் சொன்னாளாம். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏழு வாரத்து வேலை. மூடியில் ஓர் ஆணிகூட அடிக்காமல், கழுந்தும் துளையுமாகக் கூட்டியது. "இன்னொன்று செய்துவிடுங்களேன் அப்பா" என்று நீ சுலபமாகக் கேட்டுவிட்டாய். கேட்டவுடன் எனக்கு மான்டிசெல்லோ நினைவுக்கு வந்தது.

போன அக்டோபரில் நீ எங்களைக் கூட்டிக்கொண்டு போனாயே, சார்லட்ஸ்வில் பக்கத்து மலைமேல், அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜெபர்சனின் வீடு, அதுதான் மான்டிசெல்லோ. நீங்கள் எல்லோரும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தபோது நான் வெளியே மல்பெரி ரோ என்ற பட்டறை வரிசையில், தச்சுப்பட்டறை இருந்த இடத்தில் நின்றுவிட்டேன். மிஞ்சியிருப்பது ஒரு புகைபோக்கியும் கொஞ்சம் அடித்தளக் கல்லும்தான். கல்லைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று மருமகள் சிரித்தாள்.

அந்தப் பட்டறையில் வேலை செய்தவர் ஜான் ஹெம்மிங்ஸ். 1776இல் அடிமையாகப் பிறந்தவர். முதலில் காட்டில் மரம் வெட்டிச் செதுக்கினார்; பிறகு ஜேம்ஸ் டின்ஸ்மோர் என்ற அயர்லாந்து ஆசாரியிடம் நுண்வேலை படித்தார். 1809இல் அந்தப் பட்டறைக்கே தலைமை ஆசாரி ஆனார். கோடாலி பிடித்த பிறகு இழைப்புளிக்கு வந்த கை அது. மரம் எந்தப் பக்கம் முறுக்கும் என்று அப்படிப்பட்டவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அப்பாவும் அப்படித்தான்.

அதே வரிசையில் ஆணிப்பட்டறையும் இருந்தது. 1794இல் தொடங்கியது. 10 வயது முதல் 16 வயது வரை ஒரு டஜன் அடிமைப் பையன்கள். கம்பியைக் காய்ச்சி, முனை தட்டி, அளவுக்கு வெட்டி, தலை தட்டினால் ஓர் ஆணி. ஒரு நாளைக்கு எட்டாயிரம், பத்தாயிரம் என்று அடித்திருக்கிறார்கள். காலையில் கொடுத்த இரும்பையும் மாலையில் வந்த ஆணியையும் எடைபோட்டு, எந்தப் பையன் எவ்வளவு சேதாரம் செய்தான் என்று கணக்கு எழுதியிருக்கிறார் ஜெபர்சன். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் 'எல்லா மனிதரும் சமம்' என்று எழுதிய அதே கை. நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான்; எனக்கே அது தொண்டையில் சிக்குகிறது.

ஆனால் மனிதருக்குப் பொதி கட்டத் தெரிந்திருக்கிறது. அம்மை குத்துகிற மருந்தை பாஸ்டன் பக்கத்திலிருந்து டாக்டர் வாட்டர்ஹவுஸ் அவருக்கு அனுப்பினார். 1801இன் கோடை வெயிலில் வழியிலேயே மருந்து செத்துவிட்டது. மருந்துக் குப்பியைத் தண்ணீர் நிரப்பிய பெரிய குப்பிக்குள் வைத்து அனுப்புங்கள், சூடு ஏறாது என்று ஜெபர்சன் யோசனை சொன்னார். மருந்து உயிரோடு வந்தது. தன் வீட்டார், அடிமைகள், அக்கம்பக்கத்தார் என்று ஏறக்குறைய 200 பேருக்குக் குத்தினார்கள். உன் பெட்டியைப் பொதி கட்டியவர்களுக்கு இதில் கால்வாசி புத்தி இருந்திருக்கலாம்.

சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஜெபர்சனின் பேத்தி எலன் 1825இல் கல்யாணமாகி பாஸ்டனுக்குப் போனாள். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் ஹெம்மிங்ஸை அப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள். அவளுக்காக அவர் ஓர் எழுதுமேசை செய்து கொடுத்தார். சாமான்களோடு அது ஏறிய கப்பல் மூழ்கிவிட்டது. சேதி கேட்டு அவர் இடிந்துபோனதாகவும், மற்றவை போனது அவர் கண்ணுக்கே படவில்லை, மேசை போனதுதான் எல்லாம் என்றும் ஜெபர்சன் பேத்திக்கு எழுதுகிறார். இன்னொன்று செய்ய முடியாதா என்று கேட்டாராம். முடியாது என்றார் ஹெம்மிங்ஸ். கண் மங்கிவிட்டது, மேசையின் அமைப்பும் சரியாக நினைவில் இல்லை. அப்போது அவருக்கு வயது 49.

அதற்குப் பதிலாக ஜெபர்சன், மடியில் வைத்து எழுதும் தன் கைப்பெட்டியை அனுப்பினார். பிலடெல்பியாவில் பெஞ்சமின் ராண்டால்ப் என்ற ஆசாரி மகாகனியில் செய்தது, மூன்றேகால் அங்குலம்தான் உயரம். சுதந்திரப் பிரகடனம் எழுதியது அதன்மேல்தான். இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹெம்மிங்ஸ் செய்தது கடலுக்கடியில். எனக்கு அந்த இரண்டாவதைத்தான் பார்க்க ஆசை.

ஜெபர்சன் 1826 ஜூலை 4இல் இறந்தார். அவருக்குச் சவப்பெட்டி செய்ததும் ஹெம்மிங்ஸ்தான். ஓராண்டு கழித்து அவருக்கு விடுதலை என்றும், பட்டறைக் கருவிகள் அவருக்கே என்றும் உயிலில் எழுதியிருந்தது. அந்த ஓராண்டுக்குள், 1827 ஜனவரியில், அதே மலையில் 130 பேரை ஏலத்துக்கு விட்டார்கள். உளியையும் இழைப்புளியையும் வாங்கிக்கொண்டு அவர் எந்த முகத்தோடு நின்றாரோ.

எனக்கு 68 வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. நூல் பிடித்தால் கோடு தெரிகிறது. அதனால் நான் முடியாது என்று சொல்லப்போவதில்லை. அளவெல்லாம் நினைவிருக்கிறது, மூடியின் சரிவு மட்டும் மறந்துவிட்டது. உடைந்ததைக் குப்பையில் போட்டுவிடாதே. பக்கப் பலகையை ஒரு செய்தித்தாள்மேல் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்து, தாளை மடித்துத் தபாலில் அனுப்பு. போட்டோ வேண்டாம், போட்டோவில் சரிவு பொய் சொல்லும். கோட்டைப் பேத்தியை இழுக்கச் சொல். நீ இழுத்தால் கோணல்தான்.

அன்புடன்,
அப்பா