அரவான் என்ற பாலைவன ஊரை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலுள்ள திம்புக்டு நகரைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பழைய ஏடுகளைப் பற்றிய பகுதி ரொம்பவே நன்றாக இருந்தது. ஆனால் 'திம்புக்டு உப்பு' என்று எழுதியிருப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. திம்புக்டு உப்புச் சந்தைதான், அங்கே உப்பு எடுக்கவில்லை. எடுத்தது வடக்கே 650 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, சகாராவுக்குள் இருக்கும் தாவ்தெனியில். உப்பு என்றதும் நமக்குக் கடல்தான் ஞாபகம் வரும். அங்கேயோ என்றோ வற்றிப்போன ஏரியின் அடியில் படிந்து கிடக்கிற உப்பைக் குழி தோண்டி, பலகை பலகையாகப் பெயர்த்து, ஒட்டகத்துக்கு நாலு பலகை என்று கட்டித் தெற்கே ஓட்டி வருவார்கள். ஒரு பலகையே 30, 40 கிலோ இருக்கும்.

சரி, அத்தனை ஒட்டகங்களுக்கும் வழியில் தண்ணீர்? அதற்குத்தான் அரவான். திம்புக்டுவிலிருந்து சுமார் 250 கிலோமீட்டரில், மாலி நாட்டு மணலுக்கு நடுவே ஒரு சின்ன ஊர், அதன் கிணறுகளை நம்பித்தான் உப்பு ஏற்றும் ஒட்டகக் கூட்டங்கள் போய்வந்தன. 1828 மே மாதம் ரெனே காயியே என்ற பிரெஞ்சுக்காரர் அரபு வேடத்தில் அங்கே போய்த் தங்கியிருக்கிறார். தண்ணீர் உப்புக் கரிக்கும், அடுப்பெரிக்கச் சுள்ளிகூடக் கிடையாது, ஒட்டகப் புழுக்கையைத்தான் எரித்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட இடத்திலும் ஜனங்கள் குடியிருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள்! மணல் வந்து சுவரில் பாதியை மூடிவிடுகிறது, அள்ளி அள்ளி வெளியே கொட்டித்தான் வாசலைக் காப்பாற்ற வேண்டும். படத்தில் அதைப் பார்த்ததிலிருந்து அந்த ஊர் மனசைவிட்டுப் போகவே இல்லை.

அப்புறம் இன்னொன்று. கார்டன் லெயிங் என்ற ஸ்காட்லாந்துப் பயணி திம்புக்டுவுக்குள் கொல்லப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை. 1826 செப்டம்பரில் அவர் ஊரைவிட்டுக் கிளம்பி அரவானை நோக்கிப் போகும் வழியில், பாலைவனத்தில்தான் கொன்றார்கள்.

இப்போது உப்பில் பெரும்பகுதி லாரியில் வருகிறது, ஒட்டகங்கள் குறைந்துவிட்டன. அதனாலேயே அரவானைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள் என்று கேட்கிறேன். இடமில்லை என்றால், அடுத்த முறை வரைபடம் போடும்போது திம்புக்டுவுக்கு மேலே ஒரு புள்ளி வைத்து அந்த ஊர்ப் பெயரையாவது எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்