முகாம்களில் மாண்ட வீரர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை போர்க்களங்களை விரிவாக வருணித்துவிட்டு, முகாம்களில் நேர்ந்த சாவுகளை ஒரே வரியில் கடந்துவிட்டது. பிரிந்துபோன தென் மாநிலங்களோடு போரிட்ட வடக்குப் படையின் அரசுக் கணக்கின்படி உயிரிழந்த சுமார் 3,60,000 பேரில் களத்திலோ, அங்கு பட்ட காயத்தாலோ இறந்தவர்கள் ஏறத்தாழ 1,10,000 பேர் மட்டுமே. எஞ்சியோரில் பெரும்பாலோர் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, நிமோனியா போன்ற நோய்களுக்குப் பலியானார்கள். குழந்தைகளின் நோய் என்று நாம் கருதும் தட்டம்மையும், ஒதுக்குப்புறப் பண்ணைகளில் அது அண்டாமலே வளர்ந்து முதன்முறையாகக் கூட்டத்தில் வந்து சேர்ந்த இளைஞர்கள் பலரை, ஒரு சண்டையைக்கூடக் காணுமுன் கொண்டுபோயிற்று.

அதே கணக்கில் நீரில் மூழ்கி இறந்தோர் 4,944 பேர், வெயில் தாக்கி இறந்தோர் 313 பேர், தற்கொலை செய்துகொண்டோர் 391 பேர் எனத் தனித்தனியே பதிவாகியுள்ளது. இவற்றைவிட என்னை வியப்பில் ஆழ்த்துவது, வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகவே படை மருத்துவர்கள் பதிந்ததுதான். உணவை ஒதுக்கி, யாரிடமும் பேசாமல் சுருண்டு கிடந்து மெலிந்துபோனவர்கள் என 5,000-க்கும் மேற்பட்டோரை அவர்கள் குறித்துவைத்தார்கள். அவர்களில் சிலர் அதனாலேயே இறந்ததாகவும் எழுதினார்கள். நாட்பட்ட வயிற்றுப்போக்கில் நைந்துபோன உடல்களுக்கும் இப்பெயர் சூட்டப்பட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆயினும், விடுப்பில் வீட்டுக்கு அனுப்புவதே சிறந்த மருந்து என்று அன்றைய மருத்துவர்கள் சிலர் சொன்னதை எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை.

சிறை முகாம்களைக் கட்டுரை தொடவே இல்லை. ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில்லில் தெற்குப் படை நடத்திய சிறை முகாமில் அடைக்கப்பட்ட சுமார் 45,000 வடக்கு வீரர்களில் ஏறத்தாழ 13,000 பேர் இறந்தார்கள். முகாமின் நடுவே ஓடிய சிற்றோடையே குடிநீராகவும் கழிவுநீர்ச் சாக்கடையாகவும் இருந்தது. மதிலுக்கு உட்புறம் நட்டிருந்த தாழ்வான மரவேலியைத் தாண்டியவர்களைக் காவலர்கள் சுட்டார்கள். இவ்வளவுக்கும் தப்பி விடுதலையானவர்களில் பலர், 376 பேருக்கான ‘சுல்தானா’ நீராவிப் படகில் 2,000-க்கும் மேற்பட்டோராக நெருக்கி ஏற்றப்பட்டு, 1865 ஏப்ரல் 27 அன்று கொதிகலன் வெடித்து மிசிசிப்பி ஆற்றில் மடிந்தார்கள். தொடரின் அடுத்த பகுதியில் இவர்களுக்கும் இடம் ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்