பேருந்துச் சாலையில் தண்டவாளம்

அன்புள்ள முருகேசா,

பேருந்துக்கென்றே ஒதுக்கிய சாலை ஏற்கெனவே இருக்கிறது, அதில் தண்டவாளத்தைப் போட்டால் முடிந்தது, இதற்கு ஏன் இத்தனை வருடம் என்று கேட்டிருந்தாய். கனடாவின் ஒட்டாவாவைப் பார். அங்கே 1983-இல் திறந்த 'ட்ரான்சிட்வே' என்ற பேருந்துச் சாலை, பின்னாளில் ரயிலுக்கு மாற்றலாம் என்ற நினைப்போடு கட்டியதுதான். ஆனாலும் 12.5 கி.மீ. இலகு ரயில் ஓடத் தொடங்கியது 2019 செப்டம்பர் 14 அன்று.

முதல் தலைவலி, வேலை நடக்கும்போது பேருந்துகள் எங்கே போகும் என்பது. பாதையைத் துண்டு துண்டாக மூடி, வண்டிகளை நெடுஞ்சாலைக்கும் ஊர்த் தெருக்களுக்கும் திருப்பினார்கள். மையப் பகுதியில் பேருந்துகள் சாதாரணத் தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக நெரிந்ததால், அங்கே மட்டும் 2.5 கி.மீ. சுரங்கம் தோண்ட வேண்டியதாயிற்று.

'ரயிலுக்குத் தயார்' என்ற சொல்லை நம்பாதே. அமெரிக்காவின் சியாட்டிலில் 1990-இல் பேருந்துச் சுரங்கம் திறந்தபோதே தண்டவாளமும் பதித்துவிட்டார்கள். ஆனால் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் கசியாமல் தடுக்கும் மின்காப்பு சரியில்லை. ரயிலுக்குப் போன மின்சாரம் தண்டவாளம் வழியே திரும்பும்போது மண்ணுக்குள் கசிந்தால், பக்கத்தில் உள்ள இரும்புக் குழாய்களை அரித்துவிடும். 2005-இல் சுரங்கத்தை மூடி எல்லாவற்றையும் பெயர்த்து மாற்றினார்கள். தரைமட்டம் தாழ்ந்த (தாழ்தள) ரயிலுக்காகத் தரையையும் இறக்கினார்கள். வாங்கிய தண்டவாளம் பழைய இரும்பாயிற்று!

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. ஒரு பேருந்து நின்றுபோனால் பின்னால் வருவது ஒதுங்கிப் போகும். ரயிலில் அது நடக்காது. ஒட்டாவாவில் ரயிலுக்கு இணையாக ஓடிய பேருந்துகளை, ரயில் திறந்த மூன்றே வாரத்தில் நிறுத்தினார்கள். யாரோ மூடும் கதவைப் பிடித்து இழுத்ததில் கதவு பழுதாகி, வரிசையாக எல்லா ரயிலும் நின்றன. 2021 ஆகஸ்டில் ஒரு அச்சின் பேரிங் சூடேறி அச்சே முறிந்தது. செப்டம்பரில், கியர்பாக்ஸ் போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டதால் இன்னொரு ரயில் தடம் புரண்டது. அதற்குப் பிறகு 54 நாள் சேவையே இல்லை. திறப்புக்கு முந்தைய சோதனை ஓட்டத்தில் தேர்ச்சி வரம்பைப் பாதியில் தளர்த்தியதும் பிற்பாடு விசாரணையில் வெளியே வந்தது.

அதனால் திட்ட அறிக்கை உன் கைக்கு வந்தால், ரயில் எத்தனை என்பதை விட்டுவிட்டு, திறந்தபின் எத்தனை பேருந்தை, எத்தனை மாதம் ஓட்டுநரோடு கையிருப்பில் வைக்கிறார்கள் என்று முதலில் தேடு. அந்த வரி இல்லையென்றால் எனக்கு எழுது.

அன்புடன்,
சேகர்